குப்பைக்கு முழுப்பேர்

“ஏ பாப்பா, குப்பைக்குப் பேர் போடுவியா?”

கணக்கப்பிள்ளை கணேசமூர்த்தி ஐயா ஒருநாள் என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. நான் யாருக்கும் அவ்வளவாகப் பதில் சொல்வதில்லை. ‘மாட்டேன்’ என்று நான் சொல்லாததை அவர் ‘சரி’ என்று எடுத்துக்கொண்டு, ஒரு பேனையையும் நூற்றிருபது பக்கக் கொப்பியையும் என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

தேயிலைத் தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. மலையில் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை சொன்ன கிலோவுக்குக் கொழுந்து பறித்தால் அன்றைக்கு முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். குப்பைக்குப் பேர் போடுவது மட்டும் புதிது.

அக்கரப்பத்தனை ரோட்டிலிருந்து இறங்கினால் எங்கள் டிவிசனில் பிள்ளைக்காம்பரா இருக்கிறது. அம்மாக்கள் மலைக்குப் போகும்போது சின்னப் பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம். கிருஷாந்தி டீச்சர் அதற்குப் பொறுப்பு. நான் அவருக்கு உதவி. பத்தாம் வகுப்பில் காலைக் கூட்டத்தில் செய்தி வாசிக்கச் சொன்னார்கள். மறுநாளிலிருந்து நான் பள்ளிக்கூடம் போகவில்லை. பிள்ளைக்காம்பராவில் யாரும் செய்தி வாசிக்கச் சொல்வதில்லை. அங்கே இருக்கும் பதினேழு பேரில் பதினொரு பேருக்கு இன்னும் பேச்சு வரவில்லை. மீதி ஆறு பேர் கேட்கும் கேள்விகளுக்கு பிஸ்கட் போதும்.

பிள்ளைக்காம்பராவின் தண்ணீர் ஓடையிலிருந்து வருகிறது. ரோட்டுக்கு அடியில் இருக்கும் மதகு வழியாக வெளியே வந்து, தேயிலைக்கு நடுவே இறங்கி, நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளின், லயத்தின், பின்பக்கமாகச் சுற்றி, எங்கள் தாங்கியில் விழுகிறது. வரும் வழியில் அது எல்லோரையும் பார்த்துவிட்டுத்தான் வரும். சொப்பிங் பேக், பிஞ்ச செருப்பு, பிள்ளைகளுக்குக் கட்டும் பம்பர்ஸ், ஷாம்பு பாக்கெட், ஒருதடவை ஒரு குடை.

பிள்ளைகளுக்கு மூன்றாவது முறையாக வயிற்றோட்டம் வந்தபோது சுகாதாரப் பரிசோதகர், எல்லோரும் பி.எச்.ஐ. மாத்தயா என்று கூப்பிடுபவர், வந்து பார்த்தார். ஓடையோடு மேலே ஏறி, ரோடு வரை போய், இறங்கி வந்தார். பிறகு ஒரு வாரத்தில் சிங்களத்தில் இரண்டு பக்கக் கடிதம் வந்தது. கிருஷாந்தி டீச்சர் முதல் பக்கத்தை எழுத்துக் கூட்டி வாசித்தார். ஆறு வாரத்தில் மறுபடி வருவேன், ஓடை இப்படியே இருந்தால் பிள்ளைக்காம்பராவை மூடச் சொல்லி எழுதுவேன் என்று அதில் இருந்தது. இரண்டாம் பக்கத்தில் கையெழுத்தும் சீலும் இருந்தன. அது கையெழுத்துக்கான பக்கம் என்று நினைத்து இரண்டு பேரும் அதை மடித்து வைத்துவிட்டோம்.

மூடினால் பிள்ளைகளை எங்கே விடுவது என்று அம்மாக்கள் கவலைப்பட்டார்கள். எனக்கு வேறு கவலை. மரியநாயகி அத்தை கொழும்புப் பக்கம் கட்டுநாயக்காவில் ஆடை தைக்கும் ஒரு கார்மென்டில் எனக்கு இடம் பேசி வைத்திருந்தார். “போனதும் சின்னதா ஒரு இன்டர்வியூ, நாலு பேர் உக்காந்து கேப்பாங்க, அவ்வளவுதான்” என்றார். அவ்வளவுதான் என்றால் எவ்வளவு என்று அத்தைக்குத் தெரியாது. பிள்ளைக்காம்பரா இருக்கும் வரைக்கும் நான் போக வேண்டியதில்லை. அதனால் ஓடை எனக்கு முக்கியம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை, கூலியில்லாமல் ஓடையைச் சுத்தம் செய்ய டீச்சர் கூப்பிட்ட சிரமதானத்துக்கு மூன்று பேர் வந்தோம். டீச்சர், நான், டீச்சரின் வீட்டு நாய். நாய் ஒரு பம்பர்ஸை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டது. கணக்குப்படி அதுதான் அன்றைக்கு அதிகம் வேலை செய்தது.

கணக்கப்பிள்ளை ஐயா கோயிலுக்குப் போகும் வழியில் நின்று பார்த்தார். ஞாயிற்றுக்கிழமையில் யாரையும் விரட்ட முடியாமல் அவருக்குக் கை காலெல்லாம் உளையும் என்று அவர் வீட்டம்மாவே சொல்லியிருக்கிறார்.

“டீச்சர், இப்புடிக் கூப்புட்டா ஒருத்தரும் வர மாட்டாங்க. நம்ம சனத்துக்குத் தராசு இல்லாம வேல ஓடாது.”

“இது சிரமதானம் ஐயா. தராசு எதுக்கு?”

“பாருங்களேன்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் கொழுந்து நிறுக்கும் தொங்கு தராசைப் பிள்ளைக்காம்பரா வாசல் மரத்தில் கட்டினார். மதகிலிருந்து தாங்கி வரைக்கும் ஓடையைக் குச்சி நட்டு முப்பது நிரையாகப் பிரித்தார். கொழுந்து மலையில் ஆளுக்கு ஒரு நிரை கொடுப்பது போல ஓடையிலும் வீட்டுக்கு ஒரு நிரை. நாலு கிலோ எடுத்தால் முழுப்பேர். அதற்குக் குறைந்தால் அரைப்பேர். சம்பளம் இல்லை. பேர் மட்டும்தான். அதைத் திங்கட்கிழமை காலை பெரட்டில், எல்லோரும் வேலைக்கு வரிசை கட்டி நிற்கும்போது, அவர் சத்தமாக வாசிப்பார்.

முப்பது வீட்டிலிருந்தும் வந்தார்கள்.

முதல் சாக்கு அழகனுடையது. அவர் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். எங்கேயும் சத்தம் போட்டுத்தான் பேசுவார். ஐயா சாக்கைத் தராசில் மாட்டினார்.

“ஆறு கிலோ. சாக்குக்கு ஒண்ணு, தண்ணிக்கு ஒண்ணு கழிச்சி நாலு.”

“என்னாங்கய்யா, குப்பையிலயுமா கழிப்பீங்க?”

“ஈரமாத்தானே இருக்கு?”

“ஓடையில அள்ளுனா ஈரமா இல்லாம பொரிச்சா குடுப்பாங்க?”

“சட்டம் ஒண்ணுதான் அழகன். கொழுந்துன்னாலும் குப்பைன்னாலும்.”

கொழுந்தில் கழிப்பதற்காக எங்கள் ஆட்கள் முப்பது வருடமாகச் சண்டை போடுகிறார்கள். சம்பளமே இல்லாத குப்பைக்கு அன்றைக்கு அதைவிடப் பெரிய சண்டை நடந்தது. எல்லோருக்கும் நல்ல உற்சாகம். அடுத்த வாரம் நான் வரவே மாட்டேன் என்று கத்தியவர்கள் எல்லோரும் அடுத்த வாரம் முதல் ஆளாக வந்தார்கள்.

நான் பேர் எழுதினேன். பேர் எழுதும் கொப்பி ஐயாவுடையது. என்னுடைய கொப்பி வேறு. அது தொட்டில் துணிகளுக்கு அடியில் இருக்கும். அதில் யார் சாக்கில் என்ன இருந்தது என்று எழுதினேன். யாரும் கேட்டு எழுதவில்லை. எனக்கு அப்படிப் பழக்கம்.

முதல் நிரை ராக்காயி அக்காவுக்கு விழுந்தது. லயத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த காம்பரா அவருடையது. முழங்கால் வீங்கி மூன்று மாதமாக அவர் மலைக்குப் போகவில்லை. அதற்கு முன்னாலேயே, போன வருடம் முழுக்க அவருக்கு அரைப்பேர்தான். முதல் நிரை மதகுக்குப் பக்கத்தில், செங்குத்தான இடத்தில் இருந்தது. தண்ணீர் வேகமாக ஓடுவதால் அங்கே ஒன்றும் தங்காது. கடைசியாக வந்தவருக்குக் கெட்ட நிரை என்பது மலையில் வழக்கம். முழங்கால் வீங்கியவர் கடைசியாகத்தான் வருவார்.

அவருடைய சாக்கு கழித்ததுபோக ஒன்றரைக் கிலோ இருந்தது.

“அரைப்பேர்” என்றார் ஐயா.

“இங்கயுமா?” என்று ராக்காயி அக்கா கேட்டார். திங்கட்கிழமை பெரட்டில் அரைப்பேர் வாசித்தபோது அவர் அங்கே இல்லை. ஆனால் பெரட்டில் வாசிப்பது லயத்துக்குக் கேட்கும்.

அடுத்த ஞாயிறு அவர் ஏழு கிலோ கொண்டுவந்தார்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை முடிந்தபோது ஓடை சுத்தம். அடியில் கல் தெரிந்தது. கிருஷாந்தி டீச்சர் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு அழுதார். நான் கட்டுநாயக்காவை மறந்துவிட்டேன்.

நான்காவது ஞாயிறு யாரும் வர மாட்டார்கள் என்று நினைத்தோம். முப்பது சாக்கும் வந்தன. எல்லாம் நிறைந்திருந்தன. போன வாரத்தைவிட எடை கூட.

“ஓடைதான் சுத்தமாயிருச்சே. இது எங்கருந்து?” என்று டீச்சர் கேட்டார்.

“ஓடையிலருந்துதான் டீச்சர்” என்றார்கள் எல்லோரும்.

பொய்யில்லை. பேர் விட்டுப்போகுமே என்று பயந்து, வாரம் முழுக்க வீட்டுக் குப்பையைக் கட்டிலுக்கு அடியில் சேர்த்து வைத்து, சனிக்கிழமை மத்தியானம் அவரவர் நிரையில் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார்கள். ஞாயிறு காலையில் அதையே அள்ளினார்கள். இடையில் அது ஒரு இரவு ஓடையில் ஊறியது. தண்ணீருக்கு ஒரு கிலோ கழித்தாலும் இரண்டு கிலோ கூடும் என்று அழகன் கணக்குப் போட்டு எல்லோருக்கும் சொல்லியிருந்தார்.

அன்றைக்கும் முதல் இடம் ராக்காயி அக்காவுக்கு. கழித்து ஒன்பது கிலோ.

“யக்கா, எங்கக்கா அள்ளுனீங்க இவ்வளவு?” அழகன் கேட்டார்.

“ஓடையிலதான்.”

“ஒங்க நெரையில தண்ணியே நிக்காதேக்கா!”

“எனக்குத் தெரிஞ்ச ஓடைதான் தம்பி.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் அவருடைய சாக்கைப் பார்த்தேன். சோறு கட்டும் லஞ்ச் சீட், யோகட் கப், தண்ணீர்ப் போத்தல்கள். எங்கள் லயத்தில் யாரும் தண்ணீரைப் போத்தலில் வாங்கிக் குடிப்பதில்லை. டவுனுக்குப் போய் பஸ் ஸ்டாண்டில் அள்ளிக்கொண்டு வருகிறார் என்று முடிவு செய்தேன். என் கொப்பியில் அப்படியே எழுதினேன். ‘ராக்காயி அக்கா: டவுன் குப்பை. கள்ளம்.’

ஐந்தாவது ஞாயிறு டீச்சர் கையெடுத்துக் கும்பிட்டார். அடுத்த ஞாயிறு பி.எச்.ஐ. வருகிறார். காலை எட்டு மணிக்கு வருகிறார். நிறுவை பத்து மணிக்கு. எட்டு மணிக்கு ஓடையில் குப்பை இருந்தால் எல்லாம் முடிந்தது. தயவுசெய்து யாரும் சனிக்கிழமை ஓடையில் ஒன்றும் போட வேண்டாம்.

“சரிங்க டீச்சர்” என்றார்கள்.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் லயத்தில் நடந்து பார்த்தேன். எல்லாக் கட்டிலுக்கு அடியிலும் சாக்கு வீங்கி இருந்தது. மற்றவர்கள் போட மாட்டார்கள், நாம் மட்டும் போட்டால் என்ன ஆகும் என்று முப்பது வீட்டிலும் தனித்தனியாக யோசித்திருந்தார்கள்.

நான் பேசத் தெரிந்தவளாக இருந்தால் வீடு வீடாகப் போய்ப் பேசியிருப்பேன். ஐயாவின் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, என் எழுத்து என்று தெரியாதபடி அச்செழுத்து மாதிரி எழுதினேன்.

‘இந்த வாரம் மட்டும் சட்டம் மாறுகிறது. யாருடைய நிரையில் குப்பை இல்லையோ அவருக்கு முழுப்பேர். குப்பை இருந்தால் அரைப்பேர்.’

சனிக்கிழமை விடிந்ததும் அதைப் பெரட்டுக்களத்துப் பலகையில் குத்தினேன். கையெழுத்துப் போடவில்லை. ஐயா வந்து பார்த்தார். டீச்சர் எழுதியது என்று நினைத்துச் சத்தமாக வாசித்தார். டீச்சர் அதைக் கேள்விப்பட்டு, ஐயா போட்ட சட்டம் என்று நினைத்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் மனதுக்குள் பாராட்டிக்கொண்டார்கள்.

“ராக்காயி அக்காகிட்ட மட்டும் யாரும் சொல்லிறாதீங்க” என்று அழகன் சொன்னார். “ஒன்பது கிலோ தூக்கிக்கிட்டு வரட்டும், மொகத்தப் பாப்போம்!”

ராக்காயி அக்கா பெரட்டுக்கு வருவதில்லை. ஐயா வாசித்தபோது அவர் லயத்திலும் இல்லை, விடியும்முன்பே சாக்கோடு எங்கேயோ போயிருந்தார். அவருக்கு வாசிக்கவும் தெரியாது. எங்கள் இரண்டு காம்பராக்களுக்கும் நடுவே ஒரு பலகைதான். அவர் திரும்பி வந்ததும் நான் தட்டிச் சொல்லியிருக்கலாம். கள்ளத்துக்கு இது போதும் என்று நினைத்தேன். அதோடு, தட்டினால் பேச வேண்டும்.

சட்டம் வேலை செய்தது. அரை நாள் வேலை முடிந்து வந்ததும் எல்லோரும் கட்டிலுக்கு அடியில் இருந்த சாக்கை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போய்ப் பக்கத்து நிரையில் கொட்டினார்கள். பக்கத்து நிரைக்காரர் வந்து பார்த்துவிட்டு அதை அள்ளி அதற்கடுத்த நிரையில் கொட்டினார். இப்படியே மேலேயிருந்து கீழே நகர்ந்து குப்பை முழுவதும் கடைசி நிரைக்கு, தாங்கிக்குப் பக்கத்தில், வந்து சேர்ந்தது. கடைசி நிரை அழகனுடையது.

“எவன்டா எங்க நெரையில கொட்டுனது?”

“ஒங்க குப்பைதானே, ஒங்களத் தேடி வந்திருக்கும்!” என்று மேலேயிருந்து ஒருவர் கத்தினார்.

அழகனும் அவருடைய மனைவியும் சேர்ந்து அத்தனையையும் சாக்கில் கட்டி, லொறி வரும் குப்பை மேடு வரைக்கும் ஏழு தடவை தூக்கிக்கொண்டு போனார்கள். அது அரை மைல். தோட்டத்துக் குப்பையை அந்த மேட்டில் போட வேண்டும் என்று பதினான்கு வருடமாகப் போர்டு இருக்கிறது. முதல்முறையாக அங்கே குப்பை போனது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு யாரும் யாரையும் நம்பவில்லை. இருட்டும் வரைக்கும் அவரவர் நிரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஞாயிறு விடிந்ததும் மறுபடி வந்து உட்கார்ந்தார்கள். மழை தூறியது. குடை பிடித்துக்கொண்டார்கள்.

எட்டு மணிக்கு பி.எச்.ஐ. மாத்தயா வந்தார். கல் தெரியும் தெளிந்த ஓடை. இரண்டு பக்கமும் குடை பிடித்த ஆட்கள், தண்ணீரையே முறைத்துக்கொண்டு.

என்ன செய்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார்.

“முர, மாத்தயா” என்றார் அழகன். காவல் என்று அர்த்தம்.

எதற்குக் காவல்?

அழகன் பக்கத்து நிரைக்காரரைக் கையால் காட்டினார். பக்கத்து நிரைக்காரர் அழகனைக் காட்டினார்.

மாத்தயா அதற்குமேல் கேட்கவில்லை. ஒரு போத்தலில் தண்ணீர் எடுத்தார். பிறகு ஓடையோடு மேலே ஏறி ரோட்டுக்குப் போனார். டீச்சரும் நானும் பின்னாலேயே போனோம். அவர் குனிந்து மதகுக்குள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தார். நிமிர்ந்து, இதை யார் சுத்தம் செய்தது என்று கேட்டார்.

டீச்சருக்கு விளங்கவில்லை. மதகை யாரும் தொடவில்லை. அது ரோடு, தோட்டம் இல்லை. ஐயா அங்கே குச்சி நடவில்லை.

மாத்தயா பொறுமையாக விளக்கினார். போன தடவை வந்தபோது மதகுக்குள் ஒரு லொறி குப்பை அடைத்துக்கொண்டு இருந்தது. நுவரெலியாவுக்குச் சுற்றுலா வரும் வேன்காரர்கள் இந்த வளைவில் நிறுத்திச் சாப்பிட்டுவிட்டு வீசுவது. மழை பெய்யும்போதெல்லாம் அதுதான் அழுகிக் கீழே இறங்குகிறது. மதகைச் சுத்தம் செய்யாமல் ஓடையை எத்தனை முறை கூட்டினாலும் பிரயோசனம் இல்லை, பிள்ளைக்காம்பராவை மூடத்தான் வேண்டும் என்று இரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தேனே என்றார்.

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் மதகைப் பார்த்தேன். உள்ளே மறுபக்கத்து வெளிச்சம் தெரிந்தது. சிமெண்டில் யாரோ உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து போன தடம் இருந்தது. முழங்காலை மடக்க முடியாதவர்கள் அப்படித்தான் நகர்வார்கள். ஓரத்தில் ஒரு லஞ்ச் சீட் ஒட்டிக்கொண்டிருந்தது. மேலே ரோட்டோரத்தில் வாய் கட்டிய ஒரு கொழுந்துச் சாக்கு சாய்ந்து கிடந்தது.

தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுங்கள், பிள்ளைக்காம்பரா நடக்கட்டும் என்று சொல்லி மாத்தயா கையெழுத்துப் போட்டார். டீச்சர் இரண்டு பக்கத்தையும் வாசித்துக் காட்டச் சொன்னார். இந்தத் தடவை ஒரு பக்கம்தான் என்றார் அவர்.

பத்து மணிக்கு நிறுவை. நிறுக்க ஒன்றும் இல்லை. ஐயா வெறும் தராசைத் தட்டிவிட்டு, “ஒண்ணாம் நெர நிக்கட்டும். ரெண்டாம் நெர, பூச்சியம், முழுப்பேர். மூணாம் நெர, பூச்சியம், முழுப்பேர்” என்று சொல்லிக்கொண்டே போனார். பூச்சியத்தில் சாக்குக்கும் தண்ணீருக்கும் கழிக்க முடியாதது அவருக்குச் சங்கடமாக இருந்தது. முப்பதாம் நிரைக்கு வந்தபோது ராக்காயி அக்கா ரோட்டுப் பாதையிலிருந்து இறங்கி வந்தார். கொழுந்துச் சாக்கு தலையில். ஒரு காலை ஊன்றி ஒரு காலை இழுத்து.

எல்லோரும் வழி விட்டார்கள். சிலர் ஏற்கெனவே வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

சாக்கைத் தராசில் மாட்டினார்கள். பதினாறு கிலோ. கழித்துப் பதினான்கு. ஆறு வாரத்தில் அதுதான் அதிகம். ராக்காயி அக்கா தராசைப் பார்த்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

“அரைப்பேரு!” என்று அழகன் கத்தினார். “அக்காவுக்கு அரைப்பேரு!”

சிரிப்பு. ராக்காயி அக்காவுக்கு விளங்கவில்லை. ஐயா தயங்கிவிட்டு, இந்த வாரம் சட்டம் வேறு என்று சொன்னார். நேற்றுப் பெரட்டில் வாசித்ததைச் சொன்னார்.

“எனக்கு யாரும் சொல்லலயே” என்றார் அவர்.

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

நான் எழுந்து நின்றேன். “அது மதகுக் குப்ப” என்றேன். அது எனக்கு மட்டும் கேட்டது. “என்னா பாப்பா?” என்று ஐயா கேட்டார். இரண்டாம் தடவை எனக்கு வரவில்லை. அதையே, அவர் நிரையில் குப்பை இல்லை என்பதையும் சேர்த்து, கொப்பியில் எழுதி ஐயாவிடம் திருப்பிக் காட்டினேன். அவர் சத்தமாக வாசித்தார்.

“ராக்காயி. பதினாலு கிலோ. முழுப்பேர்.”

“அது எப்புடி?” அழகன் விடவில்லை. “நா ஏழு தரம் தூக்குனேன்! சட்டம்னா சட்டந்தானே?”

“மதகச் சுத்தம் பண்ணுனதே அவங்கதான் அழகன்” என்றார் கிருஷாந்தி டீச்சர். “அது இல்லேன்னா இன்னைக்குப் பிள்ளைக்காம்பராவே இல்ல. என்னா ஐயா இது, இப்புடி ஒரு சட்டத்தப் போட்டு வச்சிருக்கீங்க?”

“நா போட்டேனா? நீங்கல்ல போட்டீங்க?”

“நானா?”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கூட்டம் அவர்களைப் பார்த்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திருந்தால் போதும், அது அப்படியே போயிருக்கும். அந்த வேலை எனக்கு நன்றாகவே தெரியும்.

நான் கையைத் தூக்கினேன்.

பள்ளிக்கூடத்தில்கூட நான் கை தூக்கியதில்லை. கட்டுநாயக்கா இன்டர்வியூ இதைவிடச் சின்னதாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. முப்பது வீட்டு ஆட்களும் என் கையைப் பார்த்தார்கள். ராக்காயி அக்கா என் முகத்தைப் பார்த்தார். எங்களுக்கு நடுவே இருக்கும் பலகை எவ்வளவு மெல்லியது என்று அவருக்கும் தெரியும். நான் இருமினால் அவர் விழிப்பார்.

ஐயா கொப்பியை ராக்காயி அக்கா பக்கம் நீட்டி, பேர் எழுதியிருந்த இடத்தை விரலால் காட்டினார். அவர் அதைப் பார்க்கவில்லை. சாக்கைத் தராசிலிருந்து கழற்றினார். குப்பையை மரத்தடியில் கொட்டினார். சாக்கை இரண்டு தரம் உதறினார், நாலாக மடித்தார், தலையில் வைத்துக்கொண்டார். ரோட்டு வளைவில் ஏதோ வேன் ஒன்று வந்து நிற்கும் சத்தம் கேட்டது. லயத்துக்குப் போகும் பாதை கீழே இருந்தது. அவர் ஒரு காலை ஊன்றி ஒரு காலை இழுத்து, மேலே ரோட்டுக்கு ஏறும் பாதையில் போனார்.